எண்ணிக்கையில் சேர்ந்த கல்

கீழப்படுகை,
செம்பனார்கோயில் வழி.
18.11.2024

அம்மாடி அமலி,

எமர்ஜென்சி எடுத்து, ஓட்டுப் போட்டு, டெல்லியிலயும் மெட்ராஸ்லயும் ஆட்சி மாறின வருஷம் அது. எங்க தெருவுக்குக் கரண்ட் கம்பம் நட்டுட்டு, கம்பி இழுக்காமப் போயிட்டாங்க. அந்தக் கம்பத்துல நாங்க ஆடு கட்டினோம். ரைஸ்மில் முதலாளி மகள் கல்யாணத்துல பந்தல் தீப்பிடிச்சு, மாப்பிள்ளை மாலையோட வாய்க்கால்ல குதிச்சார். அந்த ஆவணியிலதான் நீ பிறந்த. ஐப்பசிக் கடைசியில தீபாவளிக்கு மில்லுக்கு ஒரு வாரம் லீவு விட்டாங்க. அந்த லீவுலதான் நாங்க நடந்தோம். நீ வருஷம் கேட்டிருக்க. எழுபத்தேழுன்னு ரோஸ்லின் கணக்குப் போட்டுச் சொல்றா. எனக்குக் கம்பமும் பந்தலும்தான் தெரியும்.

ரோஸ்லின் எங்க ஊர் போஸ்ட் ஆபீஸ்காரி. எனக்கு எழுத்து கிடையாது. இப்ப காதும் போச்சு, போனைக் காதுல வச்சா வண்டு கத்துற மாதிரிதான் இருக்கு. இவ என் காதுக்குள்ள வாயை வச்சுக் கத்திப் படிக்கிறா. நீ எனக்கு எழுதினதைத் தெருவே கேட்டுச்சு. எதிர்வீட்டு அனீஸா, "ஆசீர்வாதம் மகளா? தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து நடந்தா வர்றா? பஸ் ஓடலையாமா?"ன்னு கேக்குறா.

அம்மா போனப்புறம் அலமாரியைக் காலி பண்ணையில அப்பாவோட பை கிடைச்சுதுன்னு எழுதியிருக்க. அதைப் பார்த்ததுல இருந்து, கல்லணையில தொடங்கித் தரங்கம்பாடி வரைக்கும் அப்பா வந்த வழியில நடந்துடணும்னு இருக்கு, இந்த வயசுக்கு இதுதான் முதல் நடை, நீங்கள்லாம் என்ன தூக்கிட்டுப் போனீங்கன்னு கேட்டிருக்க.

சொல்றேன். மூணு பை. மில் லாரித் தார்ப்பாய் கிழிஞ்சதுல ஜலீல் தைச்சது. அப்துல் ஜலீல் மில்லுல எஞ்சின் பார்க்கிறவன். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலேசியா போக இருந்தான். "கடலைத் தாண்டுறதுக்கு முன்னாடி நம்ம ஆத்தை ஒரு தடவை முழுசா நடந்துடணும்டா"ன்னு எங்களைக் கிளப்பினதே அவன்தான். ஆளுக்கு ஒரு போர்வை, அவல், வெல்லம், ஒரு அரிக்கேன் விளக்கு, நல்ல தேங்காய் நார்க் கயிறு. காலுக்கு ரப்பர் செருப்பு. என் செருப்பு திருவையாத்துலயே அறுந்துடுச்சு. உங்க அப்பா தன்னோடதுல ஒண்ணைக் கொடுத்தார். ரெண்டு பேரும் ஒத்தைச் செருப்போட கும்பகோணம் வரைக்கும் நொண்டினோம்.

பைக்குள்ள ஒரு கறுப்புக் கல் இருக்கு, அது எதுக்குன்னு கேட்டிருக்க. அதைப் பிறகு சொல்றேன். இப்போதைக்கு அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

உன்கூட எத்தனை பேர் வர்றாங்க? அதை மட்டும் முதல்ல எழுது.

இப்படிக்கு,
உன் மாமா சாமிதுரை
(கைநாட்டு)


பெரம்பூர், சென்னை.
29.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அமலி வணக்கத்துடன் எழுதுவது. ரோஸ்லின் அக்காவின் தொண்டைக்கு என் சார்பில் ஒரு மிளகுக் கஷாயம் வாங்கிக் கொடுங்கள்.

நாங்கள் மூன்று பேர். நான், என் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருக்கும் பர்வின், பார்மஸியில் இருக்கும் குந்தவை. மூன்று பேரும் சேர்ந்து இதுவரை நடந்த அதிகபட்ச தூரம் எக்ஸ்ரே அறையிலிருந்து கேன்டீன் வரை. ஜனவரி இருபத்தேழாம் தேதி கல்லணையில் கிளம்புகிறோம். ஏழு நாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போனோம். மலையேறுகிறவர்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது, மாமா. ஷூவை ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டுமாம், இறக்கத்தில் விரல் இடிக்குமாம். "எங்க பக்கத்துல இறக்கமே கிடையாதுங்க, வரப்புதான் இருக்கு" என்றேன். கடைக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ தண்ணி நுழையாத ஷூ எடுத்துக்குங்க" என்றார். ஐம்பது லிட்டர் பை ஆளுக்கொன்று. இடுப்பில் பட்டை போட்டு இறுக்கினால் பாரம் தோளில் தெரியாது. மடக்கிக் குச்சி, நெற்றியில் கட்டும் விளக்கு, தண்ணீரை வடிகட்டும் குழாய், விசில். தூங்குவதற்கு ஒரு பை. உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொள்ளலாம். குந்தவை கடையிலேயே அதற்குள் படுத்துப் பார்த்து, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

ஒரு வேடிக்கை. மூன்று பேர் தங்கும் கூடாரம் கேட்டோம். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "உங்க நாலு பேருக்கு இது பத்தாதே மேடம்" என்றார்.

"மூணு பேர்தானே நிக்கிறோம்?"

"வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தாரே ஒருத்தர், அவர் உங்ககூட இல்லையா?"

எட்டிப் பார்த்தோம். யாரும் இல்லை. கடைக்காரரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் நெற்றி விளக்கு நான்கு இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கல்லையும் எடுத்து வரப்போகிறேன் மாமா. அப்பா கையால் எடுத்த கல்லாகத்தான் இருக்கும். அவர் வந்து சேராத கடலில் அதையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.

எத்தனை பேர் என்று ஏன் கேட்டீர்கள்?

அன்புடன்,
அமலி


கீழப்படுகை,
9.12.2024

அம்மாடி அமலி,

தூங்குற பையைப் பத்தி ரோஸ்லின் படிச்சதும், அதை ரெண்டாந்தரம் கத்தச் சொன்னேன். உயிரோட இருக்கையில எதுக்கு ஆத்தா மூட்டைக்குள்ள போய் முடிச்சுப் போட்டுக்கணும்? குச்சியைக் கடையில வாங்கினியாமே. கல்லணையில வந்து இறங்கு, வேலியில நூறு குச்சி நிக்கும்.

சரி, விளையாட்டை விடு.

மூணு பேராக் காரியத்துக்குக் கிளம்பக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். கிளம்பியே ஆகணும்னா ஒரு கல்லை மடியில எடுத்து வச்சுக்கிட்டு, அதையும் ஆளாச் சேர்த்து நாலுன்னு எண்ணிக்கணும். நாங்க கிளம்புறப்ப எங்க அம்மா நீலாம்பாள் வாய்க்கால் படித்துறையில கிடந்த கல்லை எடுத்து, முந்தானையில துடைச்சு, உங்க அப்பா பையில போட்டுச்சு. வேலை முடிஞ்சு வந்ததும் எடுத்த இடத்துலயே வச்சு, "நீ வந்தது போதும்"னு சொல்லி விட்டுடணும். அவ்வளவுதான் முறை. இன்னைக்கும் பொண்ணு பார்க்கப் போறவங்க செய்றதுதான்.

ஆனா அதுக்குப் பேர் வைக்கக் கூடாது. உங்க அப்பா வச்சார். அவருக்கு எதுவும் விளையாட்டு. "நாலாவது ஆளுன்னா பேர் வேணாமா? எங்க தரங்கம்பாடியில தெருவுக்கு ஒரு மாசிலாமணி இருக்கான், இவனும் மாசிலாமணி"ன்னார். ஜலீல் சிரிச்சான். நானும் சிரிச்சேன். எங்க அம்மா மட்டும் சிரிக்கலை.

மில்லுல மூட்டை ஏத்தும்போது, ஆள் தவறாம இருக்க ஆளுக்கொரு நம்பர் சொல்லிக்கிட்டே போவோம். வழியிலயும் அதையே செஞ்சோம். படுகைப் பாதையில கோரையும் நாணலும் ஆளை மறைக்கும். முன்னாடி போற ஜலீல் "ஒண்ணு"ம்பான். நான் "ரெண்டு". கடைசியில உங்க அப்பா "மூணு"ம்பார். அப்புறம் மூக்கைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி குரலை மாத்தி, மாசிலாமணிக்காக "நாலு"ம்பார். மொத நாள் அதைக் கேட்டுக் கேட்டு வயிறு புண்ணாச்சு.

திருவையாத்துல டீக்கடை அம்மா நாலு கிளாஸ் வச்சுச்சு. நாங்க மூணைக் குடிச்சுட்டு எந்திரிச்சோம். "ஏன் தம்பி, அவரு குடிக்காமலே போறாரு? கோபமா?"ன்னு கேட்டுச்சு. பாபநாசத்துல சாப்பாட்டுக்கு நாலு இலை போட்டாங்க. கும்பகோணத்துல எதிரே சைக்கிள்ல வந்தவர், "நாலு பேரும் ஓரமாப் போங்கய்யா"ன்னார். உங்க அப்பாவுக்குக் குஷி தாங்கலை. "பார்த்தீங்களாடா, நம்ம ஆளுக்கு மரியாதையை!" எனக்கு மூணாம் நாளுக்கு மேல சிரிப்பு வரலை.

உன் கடைக்காரர் சொன்னதைப் படிச்சதும் ரோஸ்லினை நிறுத்தச் சொல்லிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

அதனால சொல்றேன். ஒருத்தியை விட்டுட்டு ரெண்டு பேரா வாங்க. இல்லை, ரத்தமும் சதையுமா இன்னொருத்தியைச் சேர்த்து நாலு பேரா வாங்க. மூணா வராதீங்க. கல்லை எடுத்து வராத. கடல்ல போட்டாலும் அது எடுத்த இடம் ஆகாது.

உன் மாமா,
சாமிதுரை


பெரம்பூர்,
22.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் சத்தம் போட்டுப் படித்தேன். குந்தவை, "நான் வேணும்னா ரெண்டு பேராக் கணக்காயிக்கிறேன், எடை அப்படித்தான் இருக்கு" என்கிறாள். நான்காவதாக வர யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. ஒருத்தியை விட்டுவிட்டு வரச் சொன்னால் மூவரும் அழுகிறோம்.

பாரம் தூக்கிப் பழகுவதற்காக, போன சனிக்கிழமை கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நடந்தோம். பர்வின் முன்னால், குந்தவை நடுவில், கூடாரம் என்னிடம் இருப்பதால் நான் கடைசி. உங்கள் மில் வழக்கத்தை நாங்களும் பிடித்துக்கொண்டோம். நான்தான் "மூணு". அப்பாவின் நம்பரைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இன்னொன்று. பையின் எடையைக் குறைக்க ஒவ்வொரு சாமானாகத் தராசில் வைத்து எழுதிக்கொண்டே வந்தேன். பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூட வெட்டிவிட்டேன். காலிப் பையின் எடையும் சேர்த்து ஒன்பது கிலோ. எல்லாவற்றையும் அடைத்து நிறுத்தால் பத்தரை. கல்தான் காரணம் என்று வெளியே எடுத்து வைத்தேன். அப்போதும் பத்தரை. பர்வின் வந்து நிறுத்தாள், பத்தரை. தராசுதான் கோளாறு என்று குந்தவையின் பையை வைத்தோம். அது சரியாகக் காட்டியது.

கல்லை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன், உங்களுக்காக.

ஆனால் நீங்களும் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். "அப்பா வெள்ளத்துல போயிட்டார்", இதற்கு மேல் அம்மா சொன்னதே இல்லை. கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். உடம்பும் கிடைக்கவில்லை. ஜலீல் மாமாவிடம் கேட்டபோது, "சாமிதுரைகிட்ட கேளும்மா, அவன்தான் உங்க வாப்பாவுக்கு அடுத்து நின்னான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். போன வருடம் அவரும் போய்விட்டார். இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

எனக்கு எல்லாச் சாமானும் வந்துவிட்டது மாமா. இது மட்டும்தான் பாக்கி. எப்படிப் போனார் என்று தெரியாமல் நான் அந்த வழியில் காலை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அமலி


கீழப்படுகை,
2.1.2025

அமலி,

இதை எழுத மாட்டேன்னு ரோஸ்லின் பேனாவைக் கீழ வச்சுட்டா. "இத்தனை வருஷம் சொல்லாததை இப்ப எதுக்குப் பெரியப்பா?"ன்னா. அவளை ரெண்டு நாள் கெஞ்சி உட்கார வச்சிருக்கேன்.

தீபாவளியைக் குத்தாலத்துல ஆத்துல முழுக்குப் போட்டு முடிச்சோம். அதுக்கு மறுநாள் மாயவரம், உங்களுக்கு மயிலாடுதுறை. ஒரு பள்ளிக்கூடத்துல ஒதுங்கினோம். அன்னைக்குத்தான் அந்தப் புயல். ஓடெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி பறந்துச்சு. விடிஞ்சதும் காத்து நின்னுச்சு. ஜலீல், "ரெண்டு நாள் இங்கயே இருப்போம்"னான். உங்க அப்பா கேக்கலை. "கடலோரத்துல கூரை வீடுடா. புள்ளை பிறந்து மூணு மாசம்"னார். விளையாட்டு எல்லாம் போயிடுச்சு. எண்ணிக்கை சொல்லும்போது மட்டும், வழக்கத்துக்கு, அந்த நாலை மூக்கால சொல்லுவார்.

கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துக் கிடந்துச்சு. மாடு வயிறு ஊதி மிதந்துச்சு. திருக்கடையூர் தாண்டி ஒரு வடிகால். மத்த நாள்ல முழங்கால் தண்ணி. அன்னைக்கு மார்புக்கு மேல, கலங்கி, வேகமா. அக்கரையில இருந்து தரங்கம்பாடி பக்கம்தான். கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு இறங்கினோம். ஜலீல் முதல்ல, நான் நடுவுல, உங்க அப்பா கடைசியில, பையைத் தலையில தூக்கிக்கிட்டு.

நடுத்தண்ணியில ஜலீல் "ஒண்ணு"ன்னான். நான் "ரெண்டு"ன்னேன்.

மூணு வரலை, அமலி.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். அன்னைக்கு எனக்கு நல்ல காது. மூணு வரலை. நாலு வந்துச்சு. அதே மூக்குக் குரல். ஆனா உங்க அப்பா எனக்குப் பத்து முழம் பின்னாடி வந்தவர். இந்தக் குரல் என் தோளுக்குப் பக்கத்துல கேட்டுச்சு.

முன்னாடி இருந்து ஜலீல் கத்தினான்: "பின்னாடி சரியாடா?"

நான் "சரி"ன்னேன்.

நாலு வந்துட்டா மூணு வந்த மாதிரிதானேன்னு மனசு ஒரு கணக்குப் போட்டுச்சு. பொய்க் கணக்குன்னு அப்பவே தெரியும். திரும்பிப் பார்த்தா என் தோள்கிட்ட என்ன நிக்குமோன்னு பயம். அந்தப் பயத்துல சரின்னு சொல்லிட்டேன். இல்லைன்னு சொல்லியிருந்தா ஜலீல் திரும்பியிருப்பான். அவன் நீச்சக்காரன். கயித்தைப் பிடிச்சு இழுத்திருப்போம். கிடைச்சிருப்பாரான்னு தெரியாது. ஆனா இழுத்திருப்போம்.

கரை ஏறினோம். கயித்தோட நுனி வெறுமையா வந்துச்சு. முடிச்சு அவிழலை, அறுபடலை. இடுப்பு அளவுக்கு வளையம் அப்படியே இருந்துச்சு. பை எங்களுக்கு முன்னாடியே கரையில, நிமிர்ந்து உட்கார்ந்திருந்துச்சு.

நாலு நாள் தேடினோம். நீயும் உங்க அம்மாவும் மாதா கோயில்ல பத்திரமா இருந்தீங்க. பையை உங்க அம்மா கையில கொடுத்தேன். கல்லை எடுத்துட்டுக் கொடுக்கணும்னு அந்த நேரத்துல தோணலை. ஜலீல்கிட்ட கடைசி வரைக்கும், மூணும் கேட்டுச்சு, நாலும் கேட்டுச்சுன்னுதான் சொன்னேன். அவன் அதை நம்பித்தான் கப்பல் ஏறினான்.

அதுக்கப்புறம் நான் எங்கயும் போனா மூணாவது ஆளா ஒருத்தர் சேர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுவேன்.

நீ கேட்ட, சொல்லிட்டேன். இனிமே நடக்கிறதும் நடக்காததும் உன் இஷ்டம்.

சாமிதுரை


சென்னை,
11.1.2025

திரு. சாமிதுரை அவர்களுக்கு,

வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை புது அரிசி வரும். அம்மா முதல் கைப்பிடியை ஜெபம் பண்ணி எடுத்துவைத்து, "சாமிதுரை அண்ணன் மாதிரி மனுஷன் உண்டா" என்பாள். அந்தச் சோற்றில்தான் நான் வளர்ந்தேன்.

ஒரு வார்த்தைதான். திரும்பிப் பார்க்கும் தூரத்தில்தான் அவர் இருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் இருபத்தேழாம் தேதி கிளம்புகிறோம். நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். அரிசியும் வேண்டாம்.

அமலி


குத்தாலம்,
31.1.2025
(ரோஸ்லின் அக்கா, இதைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். அவரிடம் படித்துக் காட்டுங்கள்.)

மாமா,

எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். எழுதுவதும் நான்தான். உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்ல?

ஐந்து நாள் நடந்துவிட்டோம். என் இடது குதிகாலில் ரூபாய் அளவுக்குக் கொப்புளம். விலை உயர்ந்த ஷூ பையில் தொங்குகிறது, நான் ரப்பர் செருப்பில் நடக்கிறேன். வழியெல்லாம் அறுவடை மெஷின். ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார்கள்; ஓரமாக, நெல்லை மிதிக்காமல், ஒற்றை வரிசையில் போகிறோம். குந்தவையிடம் ஒரு பாட்டி, "என்ன வேண்டுதல்மா, இவ்வளவு பெரிய மூட்டை?" என்று கேட்டாள். "கொழுப்புதான் பாட்டி" என்றாள் இவள்.

கும்பகோணம் தாண்டி நேற்றுக் காலை. விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. வாழைத்தோப்புக்கு நடுவே படுகைப் பாதை. எனக்கு முன்னால் போகிற குந்தவையின் பை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பர்வின் "ஒண்ணு" என்றாள். குந்தவை "ரெண்டு". நான் "மூணு" என்றேன்.

பின்னாலிருந்து "நாலு" என்று கேட்டது.

ஆண் குரல். மூக்கடைத்த மாதிரி, விளையாட்டாக. மூவரும் கேட்டோம். பர்வின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமே வரவில்லை, மாமா. நீங்கள் எழுதிய அதே குரல். பிறந்ததிலிருந்து நான் கேட்காத என் அப்பாவின் குரல்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது. இன்று காலை என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. பையின் பாரமே தெரியவில்லை, யாரோ கீழே கை கொடுத்துத் தாங்குகிற மாதிரி இருக்கிறது. பர்வின் மயிலாடுதுறையோடு பஸ் ஏறிவிடலாம் என்கிறாள். நான் போகிறேன். தனியாகவாவது போகிறேன். நாளை மயிலாடுதுறை. அதற்கு அடுத்து அந்த வடிகால். அங்கே இறங்கி நின்று, எண்ணிவிட்டு, "அப்பா" என்று பதில் சொல்லப் போகிறேன். நாற்பத்தேழு வருஷமாக அவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

இப்போது உங்கள்மேல் கோபம் இல்லை. அவர் கோபமாக இருக்கிற மாதிரி தெரியவில்லை.

உங்கள் அமலி


கீழப்படுகை,
31.1.2025

என் தாயே அமலி,

போன்ல அனுப்பினா போதாதுன்னு, ரோஸ்லின் கையில இதைக் கொடுத்து மாயவரத்துல காவேரித் துலாக்கட்டத்துக்கு அனுப்புறேன். விடியற பஸ்ஸுல வந்து படியில உட்கார்ந்திருப்பா. நீங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆனாலும் நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நானும் வர்றேன்னு கிளம்பினேன். நான் வந்து நின்னா எண்ணிக்கை இன்னும் குழம்பும்னு உட்கார்ந்துட்டேன்.

நீ என்னை மன்னிக்க வேணாம். இந்தக் காகிதத்தை மட்டும் நம்பு.

அது உங்க அப்பா இல்லை.

குரல் அவரோடதுதான். மாத்திப் பேசின குரல், விளையாட்டுக்கு இன்னொருத்தனுக்காகப் பேசின குரல். ஆறு நாள் பக்கத்துல இருந்து அதைக் கேட்டுப் பழகினது எதுன்னு யோசிச்சுப் பாரு. உங்க அப்பா நம்பர் மூணு. செத்தும் அவர் மூணுன்னுதான் சொல்லுவார். அவர் வந்து கூப்பிட்டிருந்தா நீ "மூணு"ன்னு சொன்ன அதே நேரத்துல கூடவே கேட்டிருக்கும். நாலு அவர் இல்லை. நாலு எப்பவும் அவருக்குப் பின்னாடி வந்ததுதான். இப்ப உனக்குப் பின்னாடி வருது.

கல்லை வீட்டுல விட்டுட்டுத்தான வந்த. கல்லுல ஒண்ணும் இல்லை ஆத்தா. நாங்க பேர் வச்சோம், எண்ணிக்கையில சேர்த்தோம். சேர்த்ததை யாரும் கழிக்கலை. "நீ வந்தது போதும்"னு சொல்ல யாருக்கும் வாய் வரலை. அதனால அதுக்கு வேலை முடியலை. மூணு பேர் எங்க நடந்தாலும் வந்து நாலாகும். யாரோ ஒருத்தர் குறைஞ்சாலும் கணக்கு சரின்னு சொல்லும். அதுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

இப்ப அந்த வடிகால் மேல பாலம் இருக்கு. பாலத்துல போ. தண்ணியில இறங்காத. எண்ணாத. எண்ணிக்கையை இன்னையோட விட்டுடுங்க. மூணு பேரும் கையைக் கோத்துக்கிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க. குந்தவை, பர்வின், அமலி. பேருக்குப் பேர் பதில் வரணும். ஒரு பேருக்குப் பதில் வரலைன்னா நின்னு திரும்பிப் பாருங்க. இந்த மாதிரி நேரத்துல திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நான் சொல்றேன், திரும்பிப் பாரு. தோள்கிட்ட எது நின்னாலும் நிக்கட்டும், அதைத் தாண்டிப் பாரு. பின்னாடி வர்ற மனுஷி இருக்காளான்னு மட்டும் பாரு. எனக்கு அது முடியலை. உனக்கு முடியும், நீ ஆசீர்வாதம் புள்ளை.

பாலத்துல ஏறி நடுவுல நின்னு, தண்ணியைப் பார்த்து உங்க அப்பாவைக் கூப்பிடணும்னா கூப்பிடு. அவர் அங்கதான் இருக்கார். பதில் வராது. வராததுதான் அவர். பக்கத்துல இருந்து யாராவது பதில் சொன்னா, அந்தப் பதிலை எடுத்துக்காத.

இதுக்கு மேல எழுத மாட்டேன்னு ரோஸ்லின் அழுறா. இன்னும் ரெண்டு வரிதான்.

அன்னைக்குக் கல்லணையில இருந்து கிளம்பினது நாலு பேர். ஆசீர்வாதம் வடிகாலோட போனார். ஜலீலும் மவுத்தாப் போனான். நான் இருக்கேனேன்னு நீ சொல்லுவ. "சரி"ன்னு வாயைத் திறந்த இடத்துலயே, மார்பு அளவு தண்ணியில நான் நின்னு போயிட்டேன், என்னைச் சேர்க்காத. அந்த நாலு பேருல இன்னைக்கும் நடக்கிற காலோட, கூப்பிட்டா பதில் சொல்ற குரலோட உயிரா இருக்கிறது ஒருத்தன்தான்.

மாசிலாமணி.